தேவபெலன் எப்போது வரும், எந்த வழியாக வரும்?

சகோதரி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய சபையில் ஐயர் (சபையின் குருவானவர்) அவரைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளராக இருக்கச் சொல்கிறார். இவர் தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், கோவில் பக்கம் அதிகம் வராத கணவர். நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபிக்க இவருக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கிளப்புவதற்குள் கத்தித் தீர்த்துவிட்டு, அதே வாயால் கோவிலில் பாடுவது இவருக்கே கூசுகிறது. வருடப்பிறப்பு ஆராதனையில் இவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் பிலிப்பியர் 4:13 வந்தது: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." அதைப் பீரோ கதவில் ஒட்டித் தினமும் சொல்கிறார். "சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், பெலன் வந்தபாடில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா, இல்லை நான் இதற்கு லாயக்கில்லாதவளா?" என்பது கேள்வி.

சகோதரி, நான் குருவானவர் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஞாயிறு பள்ளியிலும் திடப்படுத்தல் ஆயத்த வகுப்பிலும் வெகுகாலம் பிள்ளைகளோடு வேதத்தைப் புரட்டியவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் பெலனை ஓர் உணர்வாக எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் காலையில் எழும்போது பயம் போயிருக்கும், மனதில் தைரியம் நிரம்பியிருக்கும், அப்போது ஐயரிடம் போய்ச் 'சரி' என்று சொல்லலாம் என்று காத்திருக்கிறீர்கள். வேதத்தில் அப்படி நடந்தது மிகக் குறைவு. அங்கே பெலன் பெரும்பாலும் காலை எடுத்து வைத்த பிறகுதான் வருகிறது. அதுவும் பெலன் என்று அடையாளம் தெரியாத உருவத்தில் வருகிறது: ஒரு கூட்டாளியாக, ஓர் அடையாக, ஒரு மாமனாரின் புத்திமதியாக, யாரோ கொடுத்தனுப்பிய பணமாக.

பணம் என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் பீரோவில் இருக்கிற வசனத்துக்கு முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதுகிறார். முந்தின வசனங்களில் அவர் பேசுவது சாதனையைப் பற்றி அல்ல. பட்டினி, பரிபூரணம், தாழ்வு, வாழ்வு, எது வந்தாலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் பேச்சு. 'கற்றுக்கொண்டேன்' என்கிறார், கவனியுங்கள். அவருக்கும் அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 'எல்லாவற்றையும் செய்ய' என்பதில் பரீட்சையில் முதல் ரேங்க் எடுப்பதும் சேரும் என்று நாமாக வைத்துக்கொண்டோம். அவர் மனதில் இருந்தது சாப்பாடு இல்லாத நாளைத் தாண்டுவது.

அடுத்த வசனம் இன்னும் முக்கியம். "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிற கடிதத்தில்தான் 4:13 வருகிறது. கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்துவோ வியாதிப்பட்டுச் சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்தவர். அது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆக, கிறிஸ்து பெலப்படுத்துகிறார் என்று எழுதின மனுஷனுக்கு அந்தப் பெலனில் ஒரு பங்கு நோயில் விழுந்து எழுந்த ஒருவர் சுமந்து வந்த மூட்டையாக வந்து சேர்ந்தது. அட்டையில் ஒரு வசனத்தை மட்டும் வெட்டி அச்சடிக்கும்போது இந்த மனுஷர்கள் எல்லாரும் காணாமல் போய்விடுகிறார்கள். வாக்குத்தத்த அட்டைமேல் எனக்கு ஒன்றும் விரோதம் இல்லை. ஆனால் அட்டையோடு அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கிற வழக்கம் நம் வீடுகளில் குறைந்துபோனது நிஜம்.

மோசேயின் கதை உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஓரேப் மலையில் முட்செடி எரிகிறது, கர்த்தர் பேசுகிறார், மோசேக்கு வயது 80. "பார்வோனிடத்துக்குப் போகவும், இஸ்ரவேல் புத்திரரை எகிப்திலிருந்து அழைத்துவரவும், நான் எம்மாத்திரம்?" என்று கேட்கிறார். நாமாக இருந்தால் என்ன சொல்லுவோம்? "அப்படிச் சொல்லாதீங்க, அரண்மனையில் வளர்ந்தவர் நீங்க, எகிப்து பாஷை தெரியும், உங்களை விட்டால் ஆள் ஏது" என்று தேற்றுவோம். கர்த்தர் அதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீ எம்மாத்திரம் என்ற கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். அப்புறம் ஓர் அடையாளம் கொடுக்கிறார்: நீ ஜனத்தை அழைத்து வந்த பின், நீங்கள் இந்த மலையில் ஆராதனை செய்வீர்கள், நான் உன்னை அனுப்பினேன் என்பதற்கு அதுவே அடையாளம். அதாவது அடையாளம் வேலை முடிந்த பிறகுதான் கைக்கு வரும்! புறப்படும்போது மோசேயிடம் அந்த அடையாளம் இல்லை, அந்த வாக்குதான் இருந்தது.

மோசே விடவில்லை. அவர்கள் என்னை நம்பமாட்டார்கள் என்கிறார். நான் வாக்குவல்லவன் அல்ல, திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்கிறார். அதற்குக் கர்த்தர் 'உன் திக்குவாயை இப்போதே நீக்கிவிடுகிறேன்' என்று சொல்லவில்லை. உன் வாயோடே இருப்பேன், பேசவேண்டியதைப் போதிப்பேன் என்றார். அதன் பிறகும் மோசே, "நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்" என்று சொன்னபோதுதான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. முந்தின தயக்கம் எதற்கும் கோபப்படவில்லை. பயப்பட்டதற்கோ கேள்வி கேட்டதற்கோ அந்தக் கோபம் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் கையை உதறியதற்கு வந்தது. அந்தக் கோபத்திலும் அவர் கொடுத்தது ஓர் உதவி ஆள்: அண்ணன் ஆரோன். அந்த ஆரோன்தான் பின்னால் பொன் கன்றுக்குட்டி செய்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். தேவன் கொடுக்கிற உதவியாளும் நம்மைப்போல அரைகுறைதான். உங்கள் கமிட்டியில் நாளைக்கு ஒருவர் அப்படி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மீதியானியரோடு யுத்தம்பண்ண அழைக்கப்பட்ட கிதியோனும் அப்படியே. "என் தகப்பன் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன்" என்றவர். "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்றுதான் கர்த்தர் சொன்னார். பாகாலின் பலிபீடத்தைப் பகலில் இடிக்கப் பயந்து இரவில் இடித்தார். இரவில் இடித்தாலும் இடித்தது இடித்ததுதான், அதற்காக வேதம் அவரைக் கேலி செய்யவில்லை. அவருடைய படை 32,000 பேரிலிருந்து 300 ஆகக் குறைந்ததைத்தான் நாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். யுத்தம் நடந்த அதே இரவில், அதற்குச் சற்று முன் கர்த்தர் சொன்ன இன்னொன்றை அதிகம் கேட்டதில்லை: போகப் பயமாக இருந்தால் உன் வேலைக்காரன் பூராவையும் கூட்டிக்கொண்டு எதிரிகளின் பாளயத்துக்குப் போ. கிதியோன் பூராவைக் கூட்டிக்கொண்டுதான் போனார். அப்படியானால் அந்த நேரத்திலும் அவருக்குப் பயம் இருந்திருக்கிறது. தேவன் அந்தப் பயத்தைத் திட்டாமல் அதற்கு ஒரு துணையை ஏற்பாடு செய்தார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். 'எனக்குப் பெலன் இல்லை' என்று ஒரே வாக்கியமாக எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்தவரைக்கும் அதற்குள் பல விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. வேதமும் எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கவில்லை.

தெரியாமை ஒன்று. ஜெபிக்கத் தெரியாது, கூட்டம் நடத்தத் தெரியாது, கணக்கு எழுதத் தெரியாது. இது பாவமும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. கற்றுக்கொண்டால் தீரும். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையை நம் கன்வென்ஷன்களில் அடிக்கடி சொல்வார்கள், பாதியோடு நிறுத்திவிடுவார்கள். 1890-களில் திண்டிவனத்தில் அப்பா வீட்டில் தங்கியிருந்த இளம்பெண் அவர். அப்பா மருத்துவர், மிஷனரி. மகளுக்கோ மிஷனரி ஆகிற எண்ணமே இல்லை. ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கிற தங்கள் மனைவியைக் காப்பாற்ற வாருங்கள் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்றார். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

'என்னால் முடியாது' என்று அவர் சொன்னது முழு உண்மை. அவருக்குத் தெரியாதுதான். அந்த இரவை அவர் தேவனுடைய அழைப்பாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு மறுநாளே 'தேவன் பெலன் தருவார்' என்று சொல்லிப் பிரசவம் பார்க்கக் கிளம்பவில்லை. அமெரிக்காவுக்குப் போய் வருஷக்கணக்கில் மருத்துவம் படித்து, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-இல் திரும்பி வந்தார். வந்த சில மாதங்களிலேயே, கூட இருந்து கற்றுத்தருவார் என்று நம்பியிருந்த அப்பா இறந்துவிட்டார். பங்களாவின் ஒரு சிறிய அறையில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். தேவபெலன் அவருக்கு உடற்கூறு பாடப்புத்தகமாகவும் வந்திருக்கிறது என்று நான் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் அதுதான் நடந்தது.

இரண்டாவது, களைப்பு. நீங்கள் இரவு மாமியாருக்கு எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எழுந்திருப்பீர்கள். தூக்கம் கெட்டவருக்கு எந்தச் சங்கீதமும் சப்பென்றுதான் இருக்கும். எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேலில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர், யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்கு ஓடிப்போய்ச் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தூங்கிவிடுகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் திட்டவில்லை. இரண்டாம் தடவை தட்டி எழுப்பிச் சொல்கிறான்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அந்தப் போஜனத்தின் பலத்தினால் 40 நாள் நடந்தார் என்று எழுதியிருக்கிறது. உபதேசம் ஓரேபில்தான், அதுவும் பிறகுதான். முதலில் தூக்கம், அடை, தண்ணீர், மறுபடி தூக்கம். உங்கள் கணவர் கோவிலுக்கு வராவிட்டாலும் வாரத்தில் இரண்டு இரவு அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம். அவரிடம் கேளுங்கள். அதைக் கேட்பதும் தேவபெலனைத் தேடுவதில் சேர்ந்ததுதான்.

மாதக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. வியாதியஸ்தரைச் சுகப்படுத்தின பவுலே தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகவும் அடிக்கடி நேரிடும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் எழுதினார். கைவைத்து ஜெபித்த துணி ஒன்றும் அனுப்பவில்லை.

மூன்றாவது, ஒரு ஆள் தாங்க முடியாத பாரம். இதைப் பலவீனம் என்று சொல்வதே தப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களின் வழக்கைத் தனியாக விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ என்ன சொன்னார்? "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." நீர் ஒருவராய்ச் செய்ய உம்மாலே கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். மோசே கோபித்துக்கொள்ளாமல், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தினார். நம் சபைகளில் எத்திரோ மாதிரி ஆள் குறைவு. யார் தலையாட்டுகிறாரோ அவர் தலையிலேயே எல்லாவற்றையும் வைத்து, 'கர்த்தர் பெலன் தருவார், அம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) காய் வெட்டுவதும் அவரே, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குப் பொருள் சேர்ப்பதும் அவரே, ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிப்பதும் அவரே. பரிசுத்தமான வார்த்தையைச் சொல்லி ஒருவரைப் பிழிந்தெடுப்பதைத் தேவபெலன் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முடியாது என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சொல்லப்போகிற 'முடியாது' பாரத்தினால் வருகிறதா, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தினால் வருகிறதா என்று மட்டும் தேவனுக்கு முன்பாக உட்கார்ந்து யோசியுங்கள். பாரம் என்றால் பங்கு போடலாம், மறுக்கலாம். கூச்சம் மட்டும் என்றால் மோசேயின் கடைசிப் பதில் ஞாபகம் இருக்கட்டும்.

நான்காவது, குற்றவுணர்வு. பிள்ளைகளிடம் கத்தியது. இதற்குத் தேவை பெலன் அல்ல, மன்னிப்பு. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை 'அம்மா கத்தியது தப்பு' என்று சொல்லுங்கள், தேவனிடம் சொல்லுங்கள், எழுந்து கோவிலுக்குப் போங்கள். மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம் இயேசு திபேரியா கடற்கரையில் முதலில் காலைச் சாப்பாட்டைத்தான் கொடுத்தார், கரிநெருப்பில் மீனும் அப்பமும். அப்புறம் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டு, கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு வேலையைக் கொடுத்தார். குற்றவாளியாக உணர்கிறவர் வேலைக்கு ஆகாது என்றால் பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கிக்க ஆளே இருந்திருக்காது.

கணவர் கோவிலுக்கு வரவில்லை, அதனால் நான் எப்படி மற்றப் பெண்களுக்கு முன்னால் நிற்பேன் என்று கேட்டிருந்தீர்கள். தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். விசுவாசத்துக்குப் பவுல் பேர் சொல்லுகிறது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான். இதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். படித்தாலும், தூங்கினாலும், பங்குபோட்டாலும், அறிக்கையிட்டாலும் போகாத ஒரு பலவீனம். சத்தமாக ஜெபிக்கிறபோது குரல் நடுங்குகிறது என்றீர்களே, அது ஒருவேளை கடைசிவரைக்கும் நடுங்கலாம். இங்கேதான், தன் மாம்சத்தில் கொடுக்கப்பட்டதாகப் பவுல் சொல்லுகிற முள் வருகிறது.

கொரிந்து சபையில் அப்போது என்ன நடந்தது என்பதை வைத்து இதை வாசிக்க வேண்டும். இரண்டாம் கொரிந்தியர் ஏறக்குறைய கி.பி. 55, 56 வாக்கில் எழுதப்பட்டது. அங்கே பேச்சுத்திறமையுள்ள சிலர் வந்து சபையை மயக்கிவிட்டார்கள். பவுல் அவர்களை 'மகா பிரதான அப்போஸ்தலர்' என்று குத்தலாகச் சொல்லுகிறார். பவுலைப் பற்றிச் சபையில் ஓடிய பேச்சு பத்தாம் அதிகாரத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது: கடிதங்கள் பலமானவைதான், ஆனால் ஆளைப் பார்த்தால் பலவீனம், பேச்சு அற்பம். இன்றைக்கு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது பேசுகிற பேச்சுதான். அதற்குப் பதிலாகப் பவுல் தன் பெருமைகளை அடுக்குவார் என்று எதிர்பார்த்தால், அவர் தமஸ்குவில் தன்னைக் கூடையில் வைத்து ஜன்னல் வழியாக மதிலிலிருந்து இறக்கிவிட்ட கதையைச் சொல்லுகிறார். காய்கறி மாதிரி கூடையில் இறங்கித் தப்பி ஓடியதுதான் அவர் மேன்மைபாராட்டின சம்பவம்!

அதற்குப் பின்தான் முள். என்ன முள் என்று அவர் சொல்லவில்லை. கண்நோய் என்றும் மலேரியா என்றும் எதிராளிகள் என்றும் அவரவர் ஊகிக்கிறார்கள். நான் அதற்குள் போகமாட்டேன். மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." முள் போகவில்லை. மூன்று தரம் கேட்டும் போகாததற்குப் பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். அப்படியானால் நீங்கள் ஏன் உங்களைப் பார்த்து அப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்?

நம் ஊரிலேயே ஒரு உதாரணம் உண்டு. டோனாவூரில் பிள்ளைகளுக்கு 'அம்மா'வாக இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலைக் கம்பீரமான பெண்மணியாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். சீனாவுக்குப் போக விரும்பியபோது உடல்நிலை சரியில்லை என்று மறுக்கப்பட்டவர். ஜப்பானுக்குப் போய் நோய்ப்பட்டுத் திரும்பியவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன் பிறகு 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். எத்தனை பேர் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! வலி போகவில்லை. அந்த அறையிலிருந்துதான் பத்துக்கும் அதிகமான புத்தகங்களும் கணக்கற்ற கடிதங்களும் வந்தன. படுத்திருக்கிற நோயாளிக்கு இன்னொரு நோயாளி எழுதுகிற எழுத்து என்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. ஓடியாடிய காலத்தில் அவரால் அதை எழுதியிருக்க முடியாது.

பெரிய பெயர்களாகச் சொன்னால் 'அவங்க எங்கே, நான் எங்கே' என்பீர்கள். எங்கள் சபையில் ஓர் அம்மா இருந்தார்கள். ஜெபிக்கத் தெரியாது என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். வாரம் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டுக்கு ஒரு தூக்குவாளியில் கஞ்சியும், பேப்பரில் மடித்த பருப்புத் துவையலும் கொண்டுபோவார்கள். கட்டில் பக்கத்தில் நின்று, முதலில் 'கஞ்சி சூடாயிருக்கு, பாத்துக் குடி' என்பார்கள். குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி முந்தானையால் துடைத்துக்கொண்டே, 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு ஜெபம்தான். 'எங்கள் கடன்களை' என்கிற இடத்தில் சில சமயம் தடுமாறி, மறுபடியும் முதலிலிருந்து சொல்வார்கள். நோயாளிகளும் கூடச் சேர்ந்து சொல்வார்கள். நன்றாக ஜெபிக்கிற எங்கள் யாரையும் அந்த வார்டில் தேடவில்லை. அந்த அம்மா வராத வாரம் 'ஏன் வரலை' என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பேச்சு வரம் கிடைக்கவே இல்லை. வராமலே வேலை நடந்தது.

மேடையில் சாட்சி சொல்கிற நம் வழக்கத்தில் ஒரு குறை இருக்கிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்துபோன வெற்றிகளுக்குத்தான் அங்கே இடம். 'பயந்தேன், ஜெபித்தேன், பயம் போனது' என்றால் அல்லேலூயா உண்டு. 'பயந்தேன், ஜெபித்தேன், பயத்தோடேயே போய்ச் செய்தேன், இன்னும் பயமாகத்தான் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் ஐயர் அடுத்த பாட்டு நம்பரைச் சொல்லிவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களைப் போன்றவர்கள், நமக்கு மட்டும்தான் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். பவுலே கொரிந்துக்கு வந்தபோது "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" இருந்தேன் என்று முதல் நிருபத்தில் எழுதுகிறார். அந்த நடுக்கத்தோடு நடந்த ஊழியத்தில் உண்டானதுதான் கொரிந்து சபை.

அப்படியானால் சார்ந்திருப்பது என்பது நடைமுறையில் என்ன? பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவிடம் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிற செய்தி கிஸ்லேயு மாதத்தில் வருகிறது. நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நாலு மாதம், உபவாசமும் ஜெபமும். ஒரு நாள் ராஜா முகத்தைப் பார்த்து ஏன் துக்கமாயிருக்கிறாய் என்று கேட்கிறார். "அப்பொழுது நான் மிகவும் பயந்து" என்று அவரே எழுதுகிறார். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்கிறார். அந்தக் கேள்விக்கும் இவருடைய பதிலுக்கும் நடுவில், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினேன் என்கிறார். எத்தனை வினாடி இருந்திருக்கும்? கண்ணை மூடியிருக்கவும் முடியாது, ராஜாவுக்கு எதிரில் நிற்கிறார். ஜெபித்த கையோடு அவர் கேட்டதைப் பாருங்கள்: போய்வர இன்ன காலம், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், வனக் காவலன் ஆசாபுக்கு மரம் கொடுக்கும்படி ஒரு கடிதம், கோட்டைக் கதவுக்கு இவ்வளவு, என் வீட்டுக்கு இவ்வளவு. நாலு மாதமாக ஜெபித்தவர் நாலு மாதமாக மரக்கணக்கும் போட்டு வைத்திருக்கிறார். பயம், ஜெபம், பட்டியல் மூன்றும் ஒரே மனுஷனிடத்தில், ஒரே நிமிஷத்தில் இருக்கின்றன. ஒன்று வந்தால் மற்றது போய்விட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

பவுல் இதையே தன்னைக் குறித்துச் சொல்லுகிறார்: எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது. உழைத்தது யார் என்று கேட்டால் இரண்டு பதிலும் சரி.

இனி ஐயருக்கு என்ன சொல்வது? முடிவு உங்களுடையது. என்னைக் கேட்டால், முழுதாக 'முடியாது' என்றும் சொல்லாமல், தலையாட்டிவிட்டும் வராமல், நெகேமியா மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு வருஷம் மட்டும் பார்க்கிறேன். கணக்கு எழுத இன்னொரு ஆள் வேண்டும். வங்கி வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது சபையில் இருப்பார். வார நாளில் வீடு சந்திப்புக்கு என்னால் வர முடியாது, மாமியாரைப் பார்க்க வேண்டும். அதை வேறு இருவர் பிரித்துக்கொள்ளட்டும். முதல் மூன்று மாதம் ஆரம்ப ஜெபத்தை ஐயரம்மா செய்யட்டும். இதற்குச் சரி என்றால் எனக்கும் சரி. ஐயர் சம்மதிக்காவிட்டால், மனச்சாட்சியில் உறுத்தல் இல்லாமல் மறுத்துவிடலாம். அந்தப் பொறுப்பு வேறு யாருக்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதித்தால், முதல் கூட்டத்துக்கு ஜெபத்தை எழுதிக்கொண்டு போங்கள். எழுதி வாசித்தால் ஆவியில் ஜெபித்தது ஆகாது என்று யாராவது சொல்லக்கூடும். நம் ஆராதனை முறைமையே அச்சடித்த புத்தகத்திலிருந்துதான் நடக்கிறது, சங்கீதங்களும் எழுதி வைத்த ஜெபங்கள்தான் என்று சொல்லுங்கள். நாலைந்து வரி போதும். அன்றைக்கு வந்திருக்கிறவர்களில் இரண்டு பேருடைய தேவையைப் பேர் சொல்லி எழுதுங்கள், நடுவில் பொதுவான வார்த்தைகளைக் கொட்டி நிரப்ப வேண்டாம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். தொடர முடியாத இடம் வந்தால், 'பரமண்டலங்களிலிருக்கிற' என்று ஆரம்பித்துவிடுங்கள். மிச்சத்தை அறையில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சொல்லி முடித்துவிடுவார்கள்.